குதிரையை விட்டுக்கொடுத்த பகல்

நிழல்கள் சுவரடியைவிட்டு நீளத் தொடங்கியிருந்த பிற்பகலில், பட்டறைகள் நெருங்கிய அந்தத் தெரு, இரும்பை அராவும் ஒலியும் தாளை அறுக்கும் ஒலியும் பின்னிப் பிணைய, கலைக்கப்பட்ட தேன்கூடுபோல் இரைந்துகொண்டிருந்தது. நல்லீர், அவ்விரைச்சலின் நடுவே புத்தகங்களைத் தைத்துக் கட்டுகிறவளின் அறையில் மட்டும் கைகள் ஓய்ந்திருந்தன. பசைக் கிண்ணத்துக்கும் அழுத்துப் பலகைக்கும் இடையே ஒரு சதுரங்கப் பலகை விரிந்திருந்தது.

பூட்டுத் தொழிலாளியான அவள் கணவன், வெளியூர்ப் பல் மருத்துவர் ஒருவரோடு அஞ்சலட்டை வழியே ஆடிவந்த ஆட்டம் அது. நான்காம் நகர்த்தலை எழுதி அனுப்பிய மறுநாள் அவன் மாரடைப்பால் மறைந்தான். மருத்துவரின் விடை வந்து அன்று பத்தாம் நாள். மாலை நான்கு மணிக்குள் மறுவிடை அஞ்சற்பெட்டியில் விழாவிடின், அவ்விருவரும் வகுத்துக்கொண்ட முறைப்படி ஆட்டம் அவனுக்குத் தோல்வியாகும். அவன் விட்டுச்சென்றவற்றுள் இன்னும் முடியாதிருந்தது அஃதொன்றே.

"அண்ணி, மணி மூணு தாண்டிருச்சு. குதிரைய நகத்துங்க. பல்லுப் பிடுங்குறவரு அதையும் பிடுங்கிடுவாரு," என்றாள் நாத்தனார்.

"இருடி. முதல்லயே உங்கண்ணன் ஒரு காலாள சும்மா கொடுத்திருக்காரே, ஏன்?"

"வீட்டுச் சாவியவே தொலைக்கிற பூட்டுக்காரன் எங்கண்ணன். மறந்திருப்பான்."

அவளும் அவ்வாறே எண்ணியிருந்தாள். காலைதோறும் பலகையைத் துடைக்கையில், வெளியே கிடந்த காலாளைத் தவறி விழுந்ததென்று கருதி அமைச்சருக்கு முன்னே திரும்ப நிறுத்துவாள். மாலையில் அவன் சிரித்தபடி அதை எடுத்து வெளியே வைப்பான். இப்பத்து நாளில் ஆட்டமுறையைக் கற்றிருந்த அவள், இன்றுதான் அந்த வெற்றிடத்தை உற்று நோக்கினாள். இரையாக வைத்த காலாளைக் கவர்ந்த எதிரிக் காலாள் பலகையின் நடுவைவிட்டு விலகியிருந்தது. வெற்றிடத்திலிருந்து புறப்பட்ட நேர்வரிசையோ, எதிர்முனையில், எதிரி அரசனைத் தவிர வேறு காவலற்ற ஒரு கட்டத்தில் போய் முடிந்தது. அதே கட்டத்தை அமைச்சர் குறுக்காக முன்னரே குறிபார்த்திருந்தார். கோட்டை கட்டித் தன் அரசனை மூலைக்கு ஒதுக்கினால், யானை அவ்வரிசையின் அடியில் வந்து நிற்கும். சட்டென எழுந்துவிட்டாள்.

"அது மறதி இல்லடி, கதவு! நான் கோட்டை கட்டப் போறேன். குதிரை அங்கயே நிக்கட்டும்."

"ஐயோ அண்ணி, முழுக் குதிரை போயிடுமே!"

"போகட்டும்! நம்ம யானைக்கு வழிய மறைச்சு நிக்கிறதே அதுதான். அவரே அத வெட்டிக் கொடுக்கட்டும். நம்ம அரசி அங்க வந்து உக்காருவா."

பசை உலராத விரல்களால் அட்டையை எழுதி, செருப்பையும் மறந்து, அராவும் ஒலிகளுக்கிடையே ஓடினாள். அஞ்சற்காரர் பெட்டியைப் பூட்டும் வேளையில் அதை அவர் பையிலேயே போட்டாள்.

ஆறாம் நாள் விடை வந்தது. மருத்துவர் குதிரையை வெட்டியிருந்தார். கீழே, 'எழுத்து வேறு கையாக இருக்கிறதே, ஆடுவது யார்?' என்று கேட்டிருந்தார். அரசி வெட்டும் நகர்த்தலை எழுதி, 'அவர் இறந்துவிட்டார். நான் அவர் மனைவி. உங்கள் முறை,' என்று முடித்தாள்.

பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் உடனிருந்தும் அறியாத ஒருவனது துணிவை, அவன் மறைந்தபின் ஒரு பகற்பொழுதில் அறிந்துகொண்ட அவளுக்கு, அட்டையை மடியில் வைத்திருந்த அந்நேரத்தில், அழுகையும் களிப்பும் ஒன்றையொன்று முந்த விரும்பாதனவாய்ச் சேர்ந்தே வந்தன.