கோட்டுக்குள் சொன்ன வார்த்தை

என் அக்கா தேவசேனா சண்டையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. ஒரு பேச்சு எதிரில் இருப்பவனை எப்படி மசிய வைக்கிறது, எப்படி உசுப்பிவிடுகிறது என்று ஆராய்வதுதான் வேலையாம். அதற்கு அவள் பிடித்த இடம் கட்சி மேடை அல்ல. திருப்பதியில் நான் நடத்திய கம்ப்யூட்டர் கேம் சென்டர்.

நகரியில் நைனா ஓட்டிய விசைத்தறிகளை விற்றுத்தான் அந்தக் கடையைப் போட்டேன். ஊரே பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த காலம். போக வக்கில்லாதவன் கம்ப்யூட்டராவது வாங்குவோம் என்று வாங்கினேன். பசங்கள் கும்பலாக வந்து திரையில் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுவார்கள். அப்போது வாயில் வருகிற வசவைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அக்கா மூலையில் உட்கார்ந்து அதையெல்லாம் குறித்துக்கொள்வாள். படித்தவளுக்கு இது ஒரு பிழைப்பா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அந்த வசவு நிஜமான கைகலப்பாகிவிட்டது. எல்லாரையும் விரட்டிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா தடுத்தாள்.

"கங்கம்மா ஜாத்திரைல இன்னா பண்றாங்க பாலா? வேஷம் கட்டிக்கினு எவன வேணும்னாலும் பச்ச பச்சயா திட்றான். வாங்கிக்கினவன் கோச்சிக்கிறானா? அதையே இங்க வெய்யி."

ஜாத்திரை எங்கள் ஊர் அம்மன் திருவிழா; திருப்பதிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வேஷக்காரன் திட்டினால் கோபப்படக் கூடாது. பட்டால் அம்மனுக்கு ஆகாது. அன்றிலிருந்து என் கடையில் ஆடுகிறவன் நாமக்கட்டியைக் குழைத்துக் கன்னத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோடு இருக்கும்வரை யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். போகும்போது துடைத்துவிட்டால் சொன்னதும் அதோடு போயிற்று. சண்டை நின்றது. அக்கா அதை வைத்து ஆங்கிலத்தில் புத்தகமே எழுதிவிட்டாள். கோட்டுக்குள் எல்லாரும் சமம், அங்கே சொல் யாரையும் காயப்படுத்தாது என்பதுதான் புத்தகம். அதைப் படித்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த வருட ஜாத்திரை வந்தது. கடையில் சிரஞ்சீவியும் பவன்குமாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். சிரஞ்சீவி வடமாலபேட்டைப் பக்கத்துக் காலனிப் பையன், ரேணிகுண்டா பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். பவன் அதே ஊர் நிலக்காரர் மகன். சிரஞ்சீவியின் குடும்பம் தலைமுறையாக அந்த நிலத்தில்தான் கூலி வேலை செய்தது. திரையில் பவன் செத்துச் செத்து விழுந்தான். ஆத்திரத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான். சிரஞ்சீவியின் அம்மா ரத்னம்மாவைத் தங்கள் மாட்டுக் கொட்டகையோடு சேர்த்து, நான் இங்கே எழுத முடியாததைச் சொன்னான்.

சிரஞ்சீவி சிரித்தான். கன்னத்துக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இப்ப என் டர்ன்" என்று, அதே வார்த்தைகளைப் பவனின் அம்மாவுக்குச் சொன்னான்.

பவன் எழுந்து போய், ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்துவந்தான். முதல் அடி காதோரம் விழுந்தது. சிரஞ்சீவி நாற்காலியோடு சாய்ந்தான்.

"யார் வூட்டு சோத்த துன்னுட்டு யாரடா சொல்ற? எங்கம்மாவயா?"

அடி விழுந்துகொண்டே இருந்தது. பவனின் இடுப்பைக் கட்டி இழுத்தேன். முழங்கையால் என் முன்பல்லைப் பெயர்த்தான். கீழே கிடந்த சிரஞ்சீவி கையைத் தூக்கி, "கோடு கீதுடா! இன்னும் கோடு கீதுடா!" என்று அலறினான். கொக்கி அவன் இடது கண்ணில் இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்கா மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டொரு நாளில் பவனுடைய அப்பாவின் ஆட்கள் வந்தார்கள். மானிட்டர்களைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். என்னைக் கண்ணாடிச் சில்லில் புரட்டி, விலாவில் மிதித்தார்கள். சாதிப் பேச்சு என்று வாயைத் திறந்தால் நாக்கு இருக்காது என்றார்கள். அக்காவை அவர்கள் தொடவில்லை. அவள் புத்தகமே தங்களுக்குப் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சித்தூர் கோர்ட்டில்தான் அது எனக்கு விளங்கியது. பவன் திட்டவில்லை என்று அவன் வக்கீல் சொல்லவே இல்லை. திட்டினான், ஆனால் அது ஜாத்திரை வசவு மாதிரி விளையாட்டு, அதற்குச் சாதி வழக்கு செல்லாது என்றார். அதற்குச் சாட்சி அக்கா எழுதிய புத்தகம் என்று அவளையே கூண்டில் ஏற்றினார். அக்கா ஆமாம் என்றால் பவன் ஏதோ அடிதடி வழக்கோடு தப்பிவிடுவான். இல்லை என்றால் புத்தகம் போயிற்று, அமெரிக்கா போயிற்று. பட்டும் படாமல் எதையாவது சொல்லிவிட்டு விமானம் ஏறு என்றுதான் பஸ்ஸில் அவளிடம் சொல்லியிருந்தேன்.

வக்கீல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "கோட்டுக்குள்ள சொன்னது யாரையும் காயப்படுத்தாதுன்னு எழுதினது நீங்கதானே மேடம்?"

"நாந்தான். அது பொய்யிங்க."

வக்கீல் ஆட்சேபணை என்று தெலுங்கில் கத்தினார். அக்கா நீதிபதியைப் பார்த்துப் பேசினாள்.

"இத்தன நாளா மத்தவங்க திட்டறப்ப எல்லாம் இந்தப் பையன் சிரிச்சான். நான் அத சமம்னு எழுதிக்கினேன். அவன் திருப்பித் திட்டினதே இல்லன்றத நான் கவனிக்கல. அன்னிக்கித்தான் மொத தடவ திட்டினான். கண்ணு போச்சு."

பிறகு பவன் சொன்ன வசவை, ஒரு சொல் விடாமல், அந்தச் சபையில் உரக்கச் சொன்னாள். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். உடைந்த பல்லோடு நான் அழுதேன். இவள் என் கூடப் பிறந்தவள் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சிரஞ்சீவி ரத்னம்மாவோடு நின்றிருந்தான். அக்கா கிட்டே போய்க் கைகூப்பினாள். "மன்னிச்சிடுப்பா."

அவன் மிச்சமிருந்த கண்ணால் அவளைப் பார்த்தான்.

"நல்லாத்தான் சொன்னீங்க மேடம். இந்தக் கோடு பொய்யின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, எப்பவும் போல சிரிச்சிக்கினே வூட்டுக்குப் போயிருப்பேன்."