லூர்துசாமியின் காய்ச்சல்

வருஷம் சரியாக நினைவில்லை. மழைக்காலம் என்பதும் பிற்பாடு சேர்ந்துகொண்ட ஞாபகமாக இருக்கலாம். ஆனால் இறந்துபோன லூர்துசாமியின் நுரையீரல் செல்களுக்குப் புனே ஆய்வகத்தில் வைரஸ் கொடுத்த ஒவ்வொரு வியாழக்கிழமையும், அதே ஊரில் கசார்வாடியில் இருந்த அவர் மனைவி ஜோசபினுக்குக் காய்ச்சல் வந்தது. அதில் சந்தேகமில்லை.

கொடுத்தவள் கிரிஜா. கோயம்புத்தூரிலிருந்து வந்து, முடியாத முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வைரஸ் புகுந்த செல் சாவதற்கு முன் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து உஷாராகும். அந்த எச்சரிக்கையை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. செல்களை வளர்க்கும் குடுவையில் எண் மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. மருத்துவமனைப் புட்டியில் அழிக்க மறந்த பெயரைப் பார்த்தவள், தமிழில் எழுதினால் இங்கே யாருக்குப் படிக்கத் தெரியும் என்று குடுவைமேல் 'லூர்துசாமி' என எழுதிவைத்தாள். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் ஆரம்பித்தது.

ஆராய்ச்சிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் என்பதால் ஜோசபினுக்கு இடம் தெரிந்திருந்தது. நேரே வந்தாள்.

"வியாழக்கிழமையானா அவர என்னம்மா பண்றே? எனக்குக் காய்ச்சலடிக்குது. உடம்பெல்லாம் அவரு வேலைபார்த்த லேத்துப் பட்டறை எண்ணெ வாடை."

கிரிஜா உள்ளதைச் சொன்னாள். ஜோசபின் ஆச்சரியப்படவில்லை.

"இருந்தப்ப நாலு கேள்விக்கு ஒரு 'ம்'. இப்ப மாத்திரம் என்ன பேச்சு வேண்டிக்கெடக்கு? நான் போற கம்பெனியில லீவு தரமாட்டேங்கிறான். ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக்கயேன்."

மாற்றிக்கொண்டாள். வழிகாட்டி ரங்கராஜன் காரணம் கேட்கவில்லை. கேள்வி கேட்டே அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அளவுகள் போதுமானதும் வைரஸ் கொடுப்பது நின்றது. சில வாரங்களில் ஜோசபின் திரும்ப வந்தாள். காய்ச்சலே இல்லை என்றாள். நல்லதுதானே என்றாள் கிரிஜா.

"நல்லதுதான். வீடு கம்முனு கெடக்கு."

கடைசிக் குடுவை ஒன்றுதான் மிச்சம். அதிலும் செல்கள் கிழடுதட்டிப் பெருகுவதை நிறுத்தியிருந்தன.

"கொடுத்தா இதோட முடிஞ்சுதுங்க அக்கா. கொடுக்கலீன்னாலும் ரொம்ப நாள் இருக்காதுங்க."

ஜோசபின் யோசித்தாள். "சும்மா கெடந்து போறதுக்கு, சொல்லிட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கிரிஜா கொடுத்தாள். கசார்வாடியில் ஜோசபின் கஞ்சி வைத்துவிட்டுக் கம்பளியோடு படுத்தாள். சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

கிரிஜாவுக்குப் பட்டம் கிடைத்தது; விமான் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். ரங்கராஜன் ஓய்வுபெற்றார். ஜோசபினுக்கு அந்தக் காய்ச்சல் முழுதாக இறங்கவேயில்லை. லேசான சூட்டோடு வேலைக்குப் போய்வருகிறாள். கம்பெனி வாசலில் எல்லார் நெற்றிக்கும் வெப்பமானியை நீட்டும் காவலாளி, அவள் சூடு பழகிப்போய், அவளை மட்டும் நீட்டாமலே உள்ளே விடுகிறான்.