காத்மாண்டு கார்டு

1

இந்தக் கதை எட்டு அஞ்சல் அட்டைகளிலிருந்து பிறந்தது. அவற்றில் ஏழு அட்டைகளை நான் எழுதினேன். எட்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒரு கடிதத்தில் எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். செய்யாறு பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். வலது மேல் மூலையில் ஊர், அதன் கீழ் தேதி, பிறகு விளிப்பு, பிறகு 'நலம், நலமறிய ஆவல்'. இந்த ஒழுங்கு ஒருவரையும் கொல்லாது என்றுதான் முப்பது வயது வரை நினைத்திருந்தேன்.

(மேலே உள்ள கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

2

முதல் தொடக்கம்: '1988 மே இரண்டாம் தேதி விடியற்காலை, ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஒரு பழைய பஸ்...'

வேண்டாம். இது பஸ்ஸின் கதையாகிவிடும்.

இரண்டாவது தொடக்கம்: 'தாட்சாயிணி துறுதுறுப்பான பெண்...'

இப்படி எழுதியவுடனேயே அவள் எழுந்து போய்விடுகிறாள். துறுதுறுப்பான பெண்கள் எல்லாக் கதையிலும் இருக்கிறார்கள். இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற வேலைக்குப் போனவள். இருபத்தொரு வயது. ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் வாசலருகே நின்றுகொண்டுதான் வருவாள். அவள் அம்மா நாகம்மாளுக்குத் தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை. கணவர் இறந்ததால் கிடைத்த வேலை அது, குவார்ட்டர்ஸும் அப்படித்தான். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரு சுவர்தான் இடைவெளி. நாகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவருடைய மனுக்கள், கடிதங்கள் எல்லாம் என் கையால்தான்.

அம்பத்தூர் மனோகரன் என்பவர் ஆண்டுதோறும் இளைஞர் பஸ் பயணம் நடத்தினார். ஆவடியிலிருந்து தரைவழியாகவே காத்மாண்டு. அவருடைய நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது: 'பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை. ஆளுக்கு ஒரே முதுகுப்பை. எட்டு ஊர். தாமதிப்பவர்களுக்காக வண்டி காத்திராது.'

ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் போகக்கூடாது என்றார் நாகம்மாள்.

3

தாட்சாயிணி ஏழு கார்டுகளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாத்தே, நீயே எழுதிக் குடுத்துடு. நான் அந்தந்த ஊர்ல பொட்டில போட்டுகினே போறேன்."

"நீ எழுத மாட்டியா?"

"ஒரு ஊருக்கு நாலு மணி நேரம். குளிக்கறதா, துன்றதா, ஊரப் பாக்கறதா, குந்திகினு கடுதாசி எழுதறதா? பஸ்ஸு எனக்கோசரம் நிக்குமா?"

"போகாத ஊரைப் பார்த்தேன்னு எப்படிம்மா எழுதறது? பொய்யாச்சே."

"போவத்தானே போறேன். சாப்ட்டேன்னு எழுது. சாப்புடாமயா இருக்கப் போறேன்? நீ முன்னாடியே எழுதற, அவ்ளோதான்."

நோட்டீஸில் இருந்த தேதிப்படி விஜயவாடா, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், அலகாபாத், காசி, கோரக்பூர் என ஏழு கார்டுகளையும் ஒரே மாலையில் எழுதினேன். பேனாவை மட்டும் இடையிடையே மாற்றினேன். அந்த நுணுக்கத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

எட்டாவதான காத்மாண்டுக்கு எழுதவில்லை. அங்கே நம் கார்டு செல்லாது. "அதை அங்கேயே வாங்கி நீயே எழுது" என்றேன்.

"ஒண்ணு தானே, எழுதறேன்" என்றாள். "அம்மாவுக்கு இன்னா எழுதணும்னு மட்டும் சொல்லிக் குடு."

"நலம்னு ஆரம்பி."

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அவள் பயணத்தை நான் கற்பனையில் எழுதலாம். ஜன்னல், நர்மதை, மாம்பழம். ஏற்கெனவே ஒருமுறை அப்படி எழுதியவன் நான். போதும்.

நடந்ததை அவளோடு போன பார்வதம் சொன்னபடி எழுதுகிறேன். நாக்பூரில் ஜுரம், வாந்தி. ஏழாம் தேதி ஜபல்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பஸ் ஓர் இரவு நின்றது. திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி மறுநாள் கிளம்பிவிட்டது. படுக்கையிலிருந்தே தாட்சாயிணி மீதிக் கார்டுகளைப் பார்வதத்திடம் கொடுத்திருக்கிறாள்.

"எங்கம்மா பயந்துடும்டீ. தேதி தவறாம போட்டுகினே போ."

பார்வதம் தேதி தவறவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது மனோகரனின் அலுவலக முகவரி. எட்டாம் தேதி 'நிலைமை மோசம்' என்று அங்கே ஒரு தந்தி வந்திருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பஸ்ஸில் போய்விட்டார்கள். தந்தி ஷட்டருக்கு அடியில் கிடந்தது.

5

பத்தாம் தேதி நாக்பூர் கார்டு வந்தது. நாகம்மாள் கேண்டீன் புடவையை மாற்றாமலே வந்து நின்றார். படித்தேன். 'அன்புள்ள அம்மாவுக்கு, நலம். நலமறிய ஆவல். இங்கே ஆரஞ்சு நன்றாக இருக்கிறது. வெயில் அதிகம், ஆனாலும் தலைவலி ஏதும் இல்லை.'

"மனசே செரியில்ல தேவராசு. அம்பத்தூர் வரைக்கும் ஒரு நட போயி அந்த ஆபீசுல கேட்டுகினு வர்ட்டா?"

"கார்டுதான் வந்திருக்கே அக்கா. முத்திரையைப் பாருங்க, நாக்பூர். முத்திரை பொய் சொல்லாது."

அவர் கார்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இத்த அவதான் எழுதினாளா?"

"பின்ன வேற யாரு?" என்றேன்.

(இந்தக் கதையில் நான் பேசும் வசனங்களில் இதை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 'இல்லை அக்கா, நான் எழுதியது' என்று போட்டேன். உடனே அவர் அம்பத்தூர் போகிறார், ஷட்டர் திறக்கிறது, தந்தி கிடைக்கிறது, இருவரும் அன்றே ரயில் ஏறுகிறோம். பன்னிரண்டாம் தேதி ஜபல்பூர். அவள் கண் திறந்து, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்கிறாள். மாற்று முடிவு நன்றாகத்தான் வந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.)

அவள் பதினான்காம் தேதி இறந்தாள். நோட்டீஸின்படி காத்மாண்டு சேரவேண்டிய நாள். கற்பனையாக இருந்தால் இந்தத் தற்செயலை வெட்டியிருப்பேன்.

பதினைந்தாம் தேதி காசி கார்டு. 'கங்கையில் குளித்தேன்.'

"எறங்காதடீன்னு தலையில அடிச்சிகினு சொன்னேன். கேட்டாளா பாரு" என்று சிரித்துக்கொண்டே வரிசை வீடுகளுக்கெல்லாம் காட்டப் போனார். பதினேழாம் தேதி கோரக்பூர் கார்டு. 'நன்றாகச் சாப்பிடுகிறேன்.' அதையும் நான்தான் படித்தேன்.

பஸ் திரும்பி வந்தபோது பார்வதம் முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு பை மாட்டியிருந்தாள்.

6

இப்போது 1996. நாகம்மாள் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அண்ணனூரில் தம்பி வீட்டுக்குப் போகிறார். போன ஞாயிறு ஏழு கார்டுகளையும் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தார். அவற்றின் பக்கத்தில் எழுதாத புதுக் கார்டு ஒன்று.

"ஒண்ணு கொறையுது தேவராசு."

"அது வரலையே அக்கா."

"நீ எழுதல. அதான் வரல."

நான் மேசையிலிருந்த கார்டுகளைப் பார்த்தேன்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. என் பென்சன் மனு, ரேசன் மனு எல்லாம் உன் எழுத்துதானே. எத்தினி வாட்டி பாத்துகிறேன். மொத கார்டுலியே தெரியும்."

"அப்போ என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டனே. அவதான்னு சொன்னே."

"நம்பிட்டீங்களா?"

"நம்பணும் போல இருந்துச்சி" என்றார். கார்டுகளை அடுக்கி முந்தானையில் சுற்றினார். புதுக் கார்டை மட்டும் விட்டுவிட்டார். "இதையும் எழுதி வை. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறேன். இந்தவாட்டி நலம்னு போடாத."

7

நாளை ஞாயிறு.

முகவரிப் பக்கத்தை முடித்துவிட்டேன். திருமதி நாகம்மாள், கதவு எண், ஆவடி, சென்னை. பின்கோடு கட்டத்துக்குள் ஆறு இலக்கங்களும் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. மறுபக்கம் தேதி போட்டேன்: 14.5.88. அதற்கு மேல் ஊர் எழுத வேண்டும். காத்மாண்டு என்றால் அவள் போகாத ஊர். ஜபல்பூர் என்றால்—

விட்டுவிட்டேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதிக் காற்புள்ளி வைத்தேன். கை தானாக 'ந' போடப் போயிற்று. தூக்கிக்கொண்டேன்.

அந்தச் சொல் இல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால், நாளைக் காலை அவர் கதவைத் தட்டுவதற்குள் சொல்லுங்கள்.