பதினோரு பெரிய தட்டுகள்

…நிற்க வைக்க வேண்டும், படுக்கப் போட்டால் அடியில் கிடக்கிற தட்டு மேலே உள்ளதன் கனம் தாங்காமல் விரிசல் விடும், இசைத்தட்டுகளை விலைக்கு வாங்குகிற சைதாப்பேட்டை வாத்தியார் இன்லண்டு லெட்டரில் இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார், பன்னிரண்டு வருஷமாக மைக் செட் நடத்துகிறவனுக்கே பாடமா என்று சின்னராசுவுக்கு முதலில் கோபம் வந்தது, யோசித்துப் பார்த்தால் பன்னிரண்டு வருஷமும் தகரப் பெட்டியில் படுக்கப் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, நைனார்பாளையத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் கல்யாணம் காதுகுத்து என்று உருட்டிக்கொண்டு போனவன்தானே அவன், வாத்தியார் அதைப் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்… சரி, அவர் சொன்னபடியே ஆகட்டும். தட்டை அட்டை உறையிலிருந்து உருவி, உள்தாளோடு உறைக்குப் பின்னால் வைக்க வேண்டும், உள்ளேயே விட்டால் லாரி குலுங்குகிற குலுக்கலில் தட்டின் விளிம்பே உறையைக் கிழித்துவிடும், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, லொடலொட என்றும் ஆடக் கூடாது, விரல் நுழைய வேண்டும், கை நுழையக் கூடாது. மூன்று நிமிஷம் பாடுகிற சின்னத் தட்டுகள் இருநூற்றுச் சொச்சமும் காலையிலேயே இரண்டு பெட்டிக்குள் போய்விட்டன, மிச்சம் இருப்பது இந்தத் தேயிலைப் பலகைப் பெட்டியும் பதினோரு பெரிய தட்டும். பார்சல் ஆபீஸ் அய்யப்பன் இரண்டு மணிக்கு வண்டியோடு வந்துவிடுவான். ஏன் விற்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கேசட்டு வந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறான், கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்று போய்விட்டார்கள், கள்ளக்குறிச்சி பஜாரில் இதைவிடச் சுலபமாக விலைபோன பொய் வேறு கிடையாது.

முதலில் நாதஸ்வரத் தட்டு. அன்றைக்கு மறியலில் ஓடியது எது என்று தேடுகிறவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கல்யாணத் தட்டு, மறியலில் எவனாவது மங்கள இசை போடுவானா, உருவித் துடைத்துப் பெட்டியின் ஓரத்தில் நிறுத்தினான். அவன் கல்யாணத்துக்கே அதுதான் ஓடியது, மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் படுத்துக்கொண்டதால் மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து முள்ளை வைத்து, சத்தத்தைச் சரிபார்த்துவிட்டு ஓடிப்போய்த் தாலி கட்டினான், பாப்பாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்… அவள் அப்படிச் சிரித்து இரண்டு மாசமாகிறது, இரண்டு மாசமா, புரட்டாசியிலிருந்து கார்த்திகை, ஆமாம். இரண்டாவது பக்திப் பாட்டு. மூன்றாவது, நான்காவது படப் பாட்டு, இதுவாக இருக்குமோ? இல்லை, இதில் நடுவே ஒரு கீறல் உண்டு, முள் அங்கே சிக்கி அதே வரியைத் திருப்பிச் சொல்லும், சிக்கியிருந்தால் எழுந்திருப்பான், எழுந்திருந்தால் காதில் விழுந்திருக்கும். அப்படியானால் இதுவும் இல்லை. ஐந்தாவது?

சந்துகளில் திணிக்கப் பழைய பேப்பர் கசக்கினான். எதிர் டீக்கடையில் வாங்கிய கட்டு, செப்டம்பர் பதினாறு இருந்தது, அடுத்த தாள் இருபத்தைந்து, நடுவில் ஒரு வாரம் இல்லை, எப்படி இருக்கும், பஸ்ஸே ஓடாத வாரத்தில் பேப்பர் மட்டும் பறந்தா வரும். படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரத்தைச் சாய்த்து ரோட்டை அடைத்த வாரம். கேட்டதில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறான், அக்கா மகன் தமிழழகன் மார்க்கை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் சீட்டுக்கு எத்தனை படி ஏறி இறங்கினான், பையன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார் பேட்டரியும் குழாய் ஸ்பீக்கருமாகக் கச்சிராயபாளையம் ரோட்டில் அக்கா ஊர் எல்லைக்குப் போனான். அங்கே ஒரு ஒழுங்கும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி வந்தால் சாய்ந்த புளியமரத்தின் பக்கத்தில் காவல் நிற்கிறவன் கை காட்டுவான், சின்னராசு முள்ளைத் தூக்குவான், பாட்டு நின்றால் வழி விடு என்று அர்த்தம், நாலு பேர் ஓடிவந்து கிளையை இழுத்துச் சந்து விடுவார்கள். இரண்டு நாளில் நாலு வண்டி அப்படிப் போனது, ஒரு பாம்புக்கடி, ஒரு நெஞ்சுவலி, இரண்டு பிரசவம். நான்கு முறையும் அவன் கைதான் முள்ளைத் தூக்கியது, அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம்… மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து சின்னத் தட்டு மாற்றி மாற்றி இடுப்பு விட்டுப்போயிருந்தது, ஒரு பெரிய தட்டைப் போட்டால் இருபது நிமிஷம் அதுபாட்டுக்கு ஓடும், அவ்வளவுதான் நினைத்தான், கையில் வந்ததை உருவிப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் காலை நீட்டினான். அந்த நேரம் பார்த்து டவுன் பக்கமிருந்து போலீஸ் வேன் வருகிறது என்று காவல் நின்றவன் உட்பட எல்லாரும் அந்தப் பக்கம் ஓட, ஓடுகிற போக்கில் யாரோ சத்தத்தைக் கூட்டிவிட, குழாய் மலைப் பக்கம் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்திலிருந்து மாமியார் கொளஞ்சியம்மாள் மாட்டுவண்டியில் பாப்பாத்தியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தது அந்த இருபது நிமிஷத்தில்தான். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள், நாள் இன்னும் பத்து இருந்தது, அவனுக்கு எப்படித் தெரியும். குழாய்ச் சத்தத்துக்கு மிரண்டு மாடுகள் மரத்துக்குக் கிட்டே வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டன, மாமியார் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தட்டு முடிந்து முள் கரக் கரக் என்று இழுத்தபோதுதான், திருப்பிப் போடலாம் என்று சோம்பலாக எழுந்தவனுக்கு மாட்டு மணி கேட்டது, பிறகு மாமியார் குரல்.

"இன்னா மாப்ள, தொண்ட கிழியக் கத்திக்கினு கெடக்கறோம், காதுல உழலியா?"

பெண் குழந்தை. அழவே இல்லை. முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டதற்கு நர்சம்மா, சொல்ல முடியாது என்றார், எப்படியும் போயிருக்குமா என்றதற்கும் அதையே சொன்னார், இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் மனுஷன் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? அன்றையிலிருந்து அவன் முள்ளைத் தொடவில்லை. எந்த ஊரில் எந்தக் கல்யாணத்தில் எந்தத் தட்டுக்குப் பிறகு எது ஓடியது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான், இந்த இருபது நிமிஷம் ஓடியது மட்டும் நினைவில் இல்லை, துடைத்துவிட்ட பலகையாகக் கிடக்கிறது. இந்தப் பதினொன்றில் ஒன்று, அது மட்டும் தெரியும். அந்த ஒன்று வாத்தியார் வீட்டுக்குப் போகக் கூடாது, யாரோ சாயங்காலக் காபியோடு அதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது, எடுத்து என்ன செய்வான், உடைப்பானா, கிணற்றில் போடுவானா, அது வேறு விஷயம், முதலில் எது என்று தெரிய வேண்டும், இரண்டு மணிக்குள். வண்டியில் படுத்திருந்தவளைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதை மட்டும் கேட்க முடியாது.

அவளே வந்தாள், கையில் இரண்டு பழைய புடவை. "சுத்தறதுக்குத் துணி கேட்டீங்களே. இது போதுங்களா?"

போதும் என்றான். ஒன்று மஞ்சள் நூல் புடவை, தொட்டிலுக்கு என்று அவள் கஞ்சி போகத் துவைத்து வைத்திருந்தது, அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும், இருவரும் அதைத் தேயிலைப் பெட்டிக்குள் சுற்றிலும் வைத்துத் திணித்தார்கள். திட்டினால் தேவலை. மாமியார்போலக் கத்தினால்கூடத் தேவலை. இவளோ உப்புக்காரி வந்தாள், பால் திரிந்துவிட்டது என்று தினப்படிச் சேதி மட்டும் சொல்லுகிறாள், இதில் மன்னிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எதைப் பிடித்துத் தேடுவது… ஒன்பது, பத்து, பதினொன்று, கடைசித் தட்டும் போய்விட்டது, எல்லாமே அதுவாக இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். மூடி வைத்து ஆணி அடித்தான். மேலே கோணி சுற்றினார்கள். கண்ணாடி, ஜாக்கிரதை என்று மையில் எழுதினான், தட்டு என்று எழுதினால் சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள், கண்ணாடி என்றால் கொஞ்சம் பயம் இருக்கும். பாப்பாத்தி கோணி ஊசியில் சணலைக் கோத்து வாயைத் தைக்க உட்கார்ந்தாள்.

வெளியே அய்யப்பன் வண்டி வந்து நின்றது. "அண்ணே, கட்டியாச்சா? லாரி நிக்காது, ஏத்திக்கினு போயிடுவான்" என்று சொல்லிக்கொண்டே அவன் முதல் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனான். ஊசி ஏறி இறங்குகிற தாளத்துக்கு அவள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள், இந்த இரண்டு மாசமாகவே முனகுகிறதுதான், அடுப்படியில், கிணற்றடியில், அவனும் கவனித்ததில்லை, வார்த்தை இல்லாத முனகல், மேலே போய் ஒரு இடத்தில் நின்று, சுற்றிச் சுற்றி… சின்னராசுவின் கை சணலோடு நின்றது. வார்த்தை இல்லாததால்தான் இத்தனை நாளும் காதில் ஏறவில்லை. அது பாட்டில்லை. அது நாதஸ்வரம். யோசிக்க ஒன்றுமில்லை என்று முதலில் தூக்கி வைத்தானே, அது.

"அது இன்னா?"

"எது?"

"இப்ப முனகிக்கினு இருந்தியே."

"நானா?" ஊசியைப் பிடித்தபடி யோசித்தாள். "தெர்லீங்க. கொஞ்ச நாளாவே வாயில வந்துக்கினு கீது."

அப்படியானால் அதைத்தான் போட்டிருக்கிறான், கை தானாக அதை எடுத்திருக்கிறது. அவள் வண்டிக்குள் வலியில் படுத்து, வழி விடாத மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து தன் கல்யாணத் தட்டு ஓடுவதை முழுசாகக் கேட்டிருக்கிறாள். என்ன நினைத்திருப்பாள்? இந்த மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாதா என்றா? இல்லை… நான் வருவது அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்காகத்தான் இதைப் போடுகிறார், இதோ நிறுத்துவார், இதோ வழி விடுவார் என்றா? அப்படி நினைத்துக்கொண்டே அதைப் பிடித்துக் கிடந்தாளா, இருபது நிமிஷமும்? இது அவளுக்குக் கெட்ட தட்டா, நல்ல தட்டா, உடைக்க வேண்டியதா, வைத்துக்கொள்ள வேண்டியதா, அதை முடிவு செய்கிற பாத்தியதை தனக்கு உண்டா என்பதே இந்த நிமிஷத்தில்தான் அவனுக்குக் கேள்வியாக வந்தது. பாப்பாத்தி கடைசி முடிச்சைப் போட்டுச் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அய்யப்பன் திரும்பி வந்து, குனிந்து, தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், சின்னராசு கையை அதன் மேலிருந்து எடுக்காததைப் பார்த்து நிமிர்ந்தான்.

"இது போவுதாண்ணே, நிக்கிதா?"

சின்னராசு பாப்பாத்தியைப் பார்த்தான். அவள் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு, மறுபடியும் முனக ஆரம்பித்திருந்தாள்.