சுகுணாவின் உபவாசம்

நான் ஞானஸ்நானம் எடுக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று என் மனைவி முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டு எனக்கு மீன் குழம்பு வைத்தாள்.

அதுதான் சுகுணா. கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறவளாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் நான் என்ன புருஷன்? இவளுக்குக் கோபமே இல்லை. சிரித்த முகத்தோடு எனக்குச் சோறு போட்டுவிட்டு, பக்கத்து அறையில் முழங்கால் போட்டு எனக்காக அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே சுர்மை என்கிற வஞ்சிர மீனைத் தின்று பாருங்கள், தெரியும்.

என் பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலிப் பக்கம். இப்போது அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. எல்லாம் ஆரம்பித்தது அங்கேதான். கிரேன் தூக்கிய சிமெண்ட் மூட்டைகள், கயிறு அறுந்து கீழே விழுந்தன. யாரோ போனில் கூப்பிட்டார்கள், இரைச்சலில் குரல் கேட்காமல் நாலடி தள்ளிப் போயிருந்தேன். நான் நின்றிருந்த இடம் சிமெண்ட் மேடாகக் கிடந்தது. சுடலைமாடன் காப்பாற்றினான் என்று நான் நினைத்தேன். மூட்டை என் தலைமேல் விழவே இல்லை என்றாலும், சேஃப்டி ஆபீசர் என் ஹெல்மெட்டைத் தட்டிக்கொடுத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுகுணா உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க போயிருந்தா, எங்க போயிருப்பீங்க?"

"எங்க போவேன்? மார்ச்சுவரிக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. எங்கே போயிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அவள் போகும் இடத்துக்கு நான் வர மாட்டேன் என்பதும் தெரியும். அவளுடைய துக்கம் அதுதான்.

சுகுணா நிக்கோபாரில் கட்சால் தீவில் பிறந்தவள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர் பால் வெட்ட அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமியில் அவளுடைய அம்மா வேலாயியும் தம்பியும் போனார்கள். நிவாரணச் சாமான் இறக்கப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தேன். அப்போது அவள் திருநீறு பூசுகிறவள். கல்யாணமாகி, எங்கள் மகள் ப்ரியங்கா பிறந்த பிறகு, பக்கத்து வீட்டு நிக்கோபாரி அக்கா அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. அவள் சாமி அவளுக்கு, என் சாமி எனக்கு, சமையல் பொது.

ஆனால் அந்த அக்காவுக்கும் இவளுக்கும் வித்தியாசம் உண்டு. அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயரில் பாடுவாள். திங்கட்கிழமை வேலைக்குப் போவாள். யாராவது செத்தால் சமைத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். விசுவாசம் அவளுக்கு மூச்சு மாதிரி. இழுப்பதும் விடுவதும் வெளியே தெரியாது. சுகுணாவுக்கு அது தீப்பிடித்த மாதிரி. அந்தச் சர்ச்சில் அனல் இல்லை என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருக்கும் டாலிகஞ்சிலேயே ஒரு சின்னச் சபையில் சேர்ந்தாள். அங்கே பாட்டு தொடங்கினால் மற்றவர்கள் கை தட்டுவார்கள், இவள் உருகிப் போவாள். வாசலில் அவளுக்காகக் காத்து நிற்கும்போது அதைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, அந்த முகம் எனக்குப் பிடிக்கும். என்னோடு இருக்கும்போது அப்படி ஒரு முகம் வந்ததில்லை என்று வருத்தமும் உண்டு.

உபவாசம் முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் என்று இருந்தது. பிறகு தினமும் ஒருவேளை. பிறகு கஞ்சி. சிமெண்ட் மூட்டை விழுந்த பிறகு வெறும் தண்ணீர். வளையல் முழங்கைவரை ஏறியது. ரவிக்கையைப் பின் குத்திப் பிடித்துக்கொண்டு, எனக்கு டிபன் கட்டினாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் நரகத்துக்குப் போறேன்னு நீ பட்டினி கிடக்க. அப்போ உங்க அம்மா? அவ சாகும்போது நெத்தியில என்ன இருந்துச்சு?"

சொன்ன வாயை மூடுவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. அழவில்லை. துடைத்துக்கொண்டிருந்த தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அம்மாவுக்குச் சொல்றதுக்கு யாரும் இல்லீங்க. உங்களுக்கு நான் இருக்கேனே. நான் இருந்தும் உங்களை விட்டா, அங்க போய் அம்மா முகத்தை நினைக்கக்கூட எனக்கு யோக்யதை இல்ல."

என் தங்கச்சி வீட்டுக்காரன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று சண்டை போட்டால் பதில் சொல்லலாம். இது அப்படியா? என்னை இந்த உலகத்தில் யாரும் இவ்வளவு நேசித்ததில்லை. அந்த நேசம்தான் அவளைக் கண்முன்னே தின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபோது மயங்கி விழுந்தாள். ஏப்ரல் மாதம் போர்ட்பிளேரில் குழாயில் காற்றுதான் வரும். பக்கெட்டோடு விழுந்தவளைப் பக்கத்துப் பெண்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாதா, ஏ கோயி வ்ரத் ஹே க்யா? பந்த் கராவ்" என்றார். விரதமா, நிறுத்தச் சொல்லு என்கிறார். இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்றும் சொன்னார். நிறுத்தச் சொல்ல எனக்குத் தெரியாதா?

நேரே பாஸ்டரிடம் போனேன். சந்திரசேகர் என்று பெயர். என்னைவிட இளையவர், கடலூர்க்காரர். நாலு வசவு தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவர் ஜெபவீட்டு வாசலில் காலித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் கொடுக்கிற சிமெண்ட் தொட்டி.

"நான் சொல்லாம இருப்பேனா அண்ணே? போதும்மா, தேவன் இதைக் கேக்கலன்னு வீட்டுக்கே வந்து சொன்னேன். பாஸ்டர், உங்க அனல் அணைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க."

"அவ பைத்தியக்காரி."

"இல்லண்ணே." அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "அவங்க சொன்னது நிஜம். ஊழியத்துக்கு வந்த புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சாப்பாடு, தூக்கம் எதுவும் வேண்டாம்னு. இப்போ யார் வீட்ல கல்யாணம், யார் வீட்ல சாவு, ஞாயித்துக்கிழமைக்கு என்ன பேசறதுன்னு ஓடுது. சுகுணாக்கா ஜெபிக்கும்போது நான் கண்ணைத் திறந்து பார்ப்பேன். பொறாமையா இருக்கும். சரியா பண்றீங்கன்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. தப்புன்னு அணைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் முங்குறேன். அவ சாப்பிட்டாப் போதும்" என்றேன்.

பாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்புறீங்களா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"உங்க மனசுக்குள்ள நான் பார்க்க முடியாது. ஆனா தண்ணில நின்னு கேள்வி கேப்பேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பதில் உங்களோடது. இல்லன்னு சொன்னா முக்க மாட்டேன்."

சென்னையில் படிக்கும் ப்ரியங்கா போனில் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, ஆமான்னு சொல்லிட்டு முங்கிட்டு வாங்க. ஒரு நிமிஷ வேலை. யாருக்கு நஷ்டம்?" எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஹேடோவில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பொய் சொல்கிறவன் நான். இன்னும் பத்து நிமிஷத்தில் இறக்கிவிடுவோம் என்று ஏஜெண்டிடம் சொல்லும்போது கப்பலின் சரக்கறை மூடியே திறந்திருக்காது.

சுகுணாவிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். கை ஈரமாகிவிட்டது. "இப்பவாவது ஒரு வாய் சாப்பிடு" என்றேன். தண்ணீரிலிருந்து நீங்கள் ஏறி வந்ததும் சாப்பிடுகிறேன் என்றாள்.

தொட்டியை நிரப்பத் தண்ணீர் எங்கே? குடிக்கவே இல்லாத ஊரில் முங்குவதற்கு யார் லாரி அனுப்புவார்கள்? கடலில் வைத்துக்கொள்வோம் என்றார் பாஸ்டர். வாண்டூர் போகிற வழியில், முதலை இருக்கிறது என்று போர்டு வைக்காத கரையாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். என்னோடு இன்னும் மூன்று பேர், எல்லோரும் வெள்ளை உடுப்பில். பாஸ்டரின் மனைவி புஷ்பா பெரிய பாத்திரத்தில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மற்ற மூவரும் முங்கி எழுந்தார்கள். கரையில் பாட்டு நடந்தது. என் முறை வந்தது. இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் என் முதுகில் ஒரு கையை வைத்தார். கரையைத் திரும்பிப் பார்த்தேன். பாடுகிறவர்களோடு சுகுணா இல்லை.

தண்ணீருக்குள் நின்றாள்.

சுனாமிக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததே இல்லை. கப்பலில்கூட ஜன்னல் இல்லாத பக்கம் படுத்து, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவள். இன்று நான் எழும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முழங்கால் ஆழம்வரை இறங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணை இறுக மூடியிருந்தாள். சேலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடுகள் மட்டும் நிற்காமல் அசைந்தன.

"ஆவுடையப்பன், இயேசு கிறிஸ்துவை உங்கள் சொந்த இரட்சகராக முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறீர்களா?"

ஆமா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல முடியவில்லை. இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரு திருட்டுச் சரக்கை நான் தள்ளிவிட முடியாது என்று பட்டது. நம்பாத சாமிக்கு முன்னால் பொய் சொல்லப் பயந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் கண்ணைத் திறந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"இல்ல பாஸ்டர்" என்றேன். "எனக்கு வரல."

பாஸ்டர் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. சுகுணா கண்ணைத் திறந்தாள்.

நான்தான் அவளைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தேன். கூட வந்தாள். மணலில் உட்கார்ந்தாள். பற்கள் தந்தியடித்தன. என் காய்ந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"பொய்யாயிருக்கும் சுகுணா."

"எனக்குத் தெரிஞ்சிருக்காதே." குரலில் கோபமே இல்லை. "நான் நம்பியிருப்பேன். சாகிறவரைக்கும் சந்தோஷமா நம்பியிருப்பேன்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டும் போல இருந்தது. எதற்கென்று கெஞ்சுவது? மறுபடி தண்ணீரில் இறங்கிச் சொல்கிறேன் என்றா? இனி ஆயிரம் முறை முங்கினாலும் அவளுக்குத் தெரியும். என் ஒரு வார்த்தையால் அவளுடைய பட்டினி அத்தனையும் வீணாகிவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு எனக்கு யாராவது ஒரு அடி கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புஷ்பா பாக்குமட்டைத் தட்டில் எலுமிச்சைச் சாதம் வைத்து, எங்கள் பக்கத்தில் கொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்று தள்ளுவாள் என்றுதான் நினைத்தேன். சுகுணா தட்டை வாங்கினாள். மடியில் வைத்தாள். பிசைந்து, ஒரு உருண்டை எடுத்து, வாயில் போட்டாள்.

நான் எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன், இந்த ஒரு வாய்க்காக. நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தால்கூடக் கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொல்லாமல் குடிக்க மாட்டாள். பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கினாலும் சுற்றி இருப்பவர்கள் பார்க்கப் பார்க்க ஜெபித்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணையும் மூடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"சுகுணா, ஜெபம் பண்ணலையா?"

மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பசிக்குதுங்க" என்றாள்.

பாஸ்டரைப் பார்த்தேன். ஈரச் சட்டையோடு நின்றிருந்தவர் அவள் தட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவளுடைய ஜெபம் மனப்பாடம். எத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கிறேன். அவளுக்காக நானாவது அதைச் சொல்லலாம் என்று கையைக் கூப்பினேன். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் கையை இறக்கிவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாக்கா?" என்று புஷ்பா கேட்டாள்.

"வைங்க" என்று சுகுணா தட்டை நீட்டினாள்.