இன்னொரு வரலட்சுமி

வரலட்சுமிக்கு முதலில் சுருக்கென்றது மாமா சொன்ன குளிர்தான்.

சிங்காநல்லூரில் தாய்மாமன் அரங்கசாமியின் லாரி ஆபீசில் அவளுக்கு டைப் அடிக்கிற வேலை. தொண்ணூற்றொன்பது டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை மதியம். கேரியரைத் திறந்துகொண்டே மாமா சொன்னார்.

"பெங்களூர்ல இந்த வருசம் குளிர் கொல்லுதாமா அம்மணி. ஒரே கம்பளிய ரெண்டு பேரு இழுத்துக்கிட்டுக் கெடந்தா என்னத்துக்காகும்?"

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். வரலட்சுமி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். 'ஒரே கம்பளியை ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டுக் கெடக்கிறோம்க்கா' என்று அவள் தங்கை பத்மஜா எழுதி மூன்று நாள்தான் ஆகிறது. எழுதியது தாளில் அல்ல. கம்ப்யூட்டரில், வரலட்சுமி ஒருத்தி மட்டும் படிக்கிற தபால்பெட்டிக்கு.

பத்மஜா ரூபனோடு பெங்களூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ரூபன் பல்லடம் பக்கத்துக் காலனிக்காரன். அவனுடைய அப்பா ஐயாசாமி, இவர்கள் தோட்டத்தில் சாகும்வரை கூலி வேலை செய்தவர். விஷயம் தெரிந்த அன்று அப்பா லட்சுமணசாமி கட்டிலில் சுருண்டு படுத்தார். மாமா ஆள்களோடு லாரியில் போய் ஐயாசாமி வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் அடித்து நொறுக்கிவிட்டு வந்தார். "அவன் எங்க கெடைச்சாலும் என் லாரி டயர்லதான் சாவு" என்று நடுவீட்டில் நின்று சொன்னார். மாமா வாய்ச்சவடால் அடிக்கிற ஆள் இல்லை, சொன்னால் செய்துவிடுவார்.

அதனால்தான் வரலட்சுமி அத்தனை ஜாக்கிரதையாக இருந்தாள். போன் நம்பர் எழுதாதே, தெரு பேர் எழுதாதே, ஊருக்கு வந்துவிடாதே என்று தங்கைக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஆபீசிலேயே இன்டர்நெட் இருந்தும் தொடமாட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் நாசர் நடத்துகிற பிரவுசிங் சென்டருக்குப் போவாள். அங்கே உட்கார்ந்து அவள் திறப்பது, ஓர் அமெரிக்கக் கம்பெனி ஓசியில் கொடுத்த தபால்பெட்டி. அக்கா தங்கைக்கு நடுவே இருந்த ஒரே கயிறு அதுதான். கடிதாசி என்றால் யார் கையிலாவது சிக்கும், இது சிக்காது என்று நம்பினாள். நம்பினாளே, அந்த நம்பிக்கையை என்ன சொல்ல!

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாசர் கடையில் பெட்டியைத் திறந்தாள். படிக்காத கடிதம் என்றால் பெயர் தடித்த எழுத்தில் நிற்கும். அன்றைக்கு பத்மஜாவிடமிருந்து வந்திருந்தது மெலிந்த எழுத்தில் கிடந்தது. யாரோ திறந்து படித்துவிட்டு, பழையபடி மூடிவைத்திருக்கிறார்கள். படித்தாள். 'சரிக்கா, நீ சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை வாரோம்.'

நான் எங்கே சொன்னேன்?

அனுப்பிய கடிதங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதாத கடிதங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவள் பெயர். மேலே இருந்ததைப் படித்தாள். 'அப்பா மனசு மாறிட்டார் கண்ணு... ஏழு மாச வயித்தோட நீ அங்க தனியா கெடக்கறது எனக்குத் தாங்கல... வெள்ளிக்கிழமை மத்தியானம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கு... அவரையும் கூட்டிட்டு வா... நான் வந்து நிக்கறேன்.'

திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். எழுதுகிற விதம் அப்படியே அவளுடையது. இங்கிலீஷ் எழுத்தில் 'கண்ணு'வுக்கு அவள் போடுகிற இரட்டை யு, வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் வைக்கிற மூன்று புள்ளி, எதுவும் தப்பவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளே இருப்பவள் மட்டும் கையைத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அடுத்த கடிதத்தை அமுக்கினாள். பக்கம் வரவில்லை. பாஸ்வேர்டைக் கேட்டது. போட்டாள், தப்பு என்றது. மறுபடி போட்டாள், மறுபடியும் தப்பு. இந்த நிமிஷத்தில், இவள் உள்ளே இருக்கும்போதே, எங்கோ உட்கார்ந்து ஒருவர் பூட்டை மாற்றிவிட்டார்.

"நாசரண்ணா, பெட்டி தொறக்க மாட்டேங்குதுங்க."

நாசர் எழுந்து வந்து பார்த்தார். "பாஸ்வேர்டு மறந்துபோனா ஒரு கேள்வி கேப்பான் பாருங்க. அதுக்குச் சரியான பதில் போட்டா பாஸ்வேர்டையே காட்டிடுவான். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்குமில்லீங்க?"

கேள்வி வந்தது: தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?

'பெத்தினேனி' என்று அடித்தாள். தவறான விடை, நீங்கள் இந்தப் பெட்டியின் உரிமையாளர் அல்ல என்றது கம்பெனி. பதிலையும் மாற்றியிருக்கிறார்கள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டியின் விலாசம் அவள் பெயரேதான், யாரும் ஊகிக்கலாம்; முந்தின பதில்தான் என்ன பெரிய ரகசியமா?

அமெரிக்காக்காரன் ஊரில் அது ரகசியமாக இருக்கலாம். அங்கே கல்யாணமானால் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துபோகுமாம். தெலுங்கு பேசுகிற இவர்கள் வீடுகளில், பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்பதே அதைத்தான். இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பெயராக இருந்தால் பேச்சே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும், ஜாதகக் கட்டின் தலைப்பில் இருக்கும். அதுவும் அம்மாவின் பிறந்த வீடு யாருடையது? மாமாவுடையது! அவருடைய பதினொரு லாரிகளின் நெற்றியிலும் மஞ்சள் பெயிண்டில் பெத்தினேனி, பெத்தினேனி என்று எழுதிப் பல்லடம் ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து தினமும் டைப் அடிக்கிறவள், அதையே எடுத்துப் பூட்டுக்குச் சாவியாக மாட்டியிருக்கிறாள். புத்தி கெட்டவள், புத்தி கெட்டவள் என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

கம்பெனிக்கு எழுதினாள். உரிமையாளர் தம் பெட்டியிலிருந்து எழுதினால் மட்டுமே கவனிப்போம் என்று அரை நிமிஷத்தில் யந்திரம் பதில் போட்டது. மனுஷர் யாரிடமாவது பேசலாம் என்றால் அந்தக் கம்பெனிக்கு மனுஷரே இல்லை போலிருந்தது. நாசரிடம் சொல்லிப் புதுப் பெட்டி ஒன்று திறந்து தங்கைக்கு எழுதினாள். 'வராதே... பழைய பெட்டியில் எழுதுவது நானில்லை.'

புதன்கிழமை பதில் வந்தது. 'நீங்க யாருன்னு தெரியும். இப்படி வேற பேர்ல எழுதுவீங்கன்னு அக்கா முன்னாடியே சொல்லிட்டா. இனி எழுதாதீங்க.'

வரலட்சுமி அதை மூன்று முறை படித்தாள். அக்கா சொல்லிட்டாளாம். அப்படியென்றால் நான் யார்? இன்னும் இரண்டே நாள். தங்கை வயிற்றுப் பிள்ளையோடு, புருஷனோடு வந்து இறங்குவாள், லாரி நிற்கும். தங்கையின் போன் நம்பர் தெரியாது, விலாசம் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்தாயிற்று.

வியாழக்கிழமை காலையில் தலைவலி என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டுப் பல்லடம் பஸ் ஏறினாள்.

காலனியில் ஐயாசாமி வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் ஓடு புதுசு. ரூபனின் அம்மா ராமாத்தாள் கோழிப்பண்ணை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, மறுக்கா ஓட்டை ஒடைக்க ஆள் கூட்டியாந்திருக்கீங்களா? இப்பத்தானுங்க மாத்துனோம்."

"தனியாத்தான் வந்திருக்கேன். பத்மஜா நம்பர் வேணும். நாளைக்கு வந்தாங்கன்னா உங்க பையனை மாமா விடமாட்டாரு."

"நம்பரைக் குடுத்துபோட்டு எம் பையனை நானே காட்டிக்குடுக்கறதுங்களா? நல்லா இருக்குதுங்க."

வரலட்சுமிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. "அத்தை, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

ராமாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அவளை அத்தை என்று கூப்பிட்டதில்லை, சின்னக் குழந்தைகூட வாடி போடி என்றுதான் சொல்லும். காலனித் தண்ணீரைக் கையால் தொட்டதும் இல்லை. "எங்கூட்டுத் தண்ணிங்க இது" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். வரலட்சுமி தூக்கி ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்தே முழுச் சொம்பையும் குடித்தாள். ராமாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் நம்பர் இருந்தது.

ரோட்டோர எஸ்டிடி பூத்தில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பத்மஜா வேலை பார்க்கும் ஆபீசில் அவளே போனை எடுத்தாள்.

"பத்து, அக்கா பேசறேன். நாளைக்கு வராதே. அந்த மெயிலெல்லாம் மாமா எழுதினது."

மறுபக்கம் பத்மஜா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, மாமா பக்கத்துல நிக்கறாரா?"

"இல்ல கண்ணு. சத்தியமா இல்ல."

"அப்ப அந்த வார்த்தையைச் சொல்லு."

"எந்த வார்த்தை?"

"நீதானேக்கா எழுதின? மாமா உன்னை மிரட்டி, வராதேன்னு போன் பண்ண வைப்பாரு, நம்பாதேன்னு. தனியா இருந்து பேசினா ஒரு வார்த்தை சொல்லுவேன்னு எழுதினியே. சொல்லுக்கா."

வரலட்சுமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர், செத்துப்போன நாயின் பெயர். எதுவும் இல்லை. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பத்மஜா விசும்பினாள். "பாவம்க்கா நீ, எப்படி அடிக்கறாங்களோ" என்றாள். இவள் பேசப் பேச அவளுக்கு அந்த இன்னொருத்திமேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று.

ராமாத்தாள் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"கண்ணு, நாந்தான் ஆத்தா. உங்கக்கா எங்கூட்டுச் சொம்புல வாய் வெச்சுத் தண்ணி குடிச்சுபோட்டு எம்பக்கத்துல நிக்குது. என்னைய அத்தைன்னு கூப்புட்டுச்சு. உங்க மாமன் பக்கத்துல நின்னா இது நடக்குமா, சொல்லு?"

அந்தப் பக்கம் விசும்பல் நின்றது. பிறகு பத்மஜா, "அக்காகிட்ட குடுங்கத்தை" என்றாள்.

"நம்பிட்டேன்க்கா. வரல." குரல் உடைந்திருந்தது. "ஆனா இப்பக்கூட உன் பேர்ல ஒண்ணு வந்திருக்கு. பத்து நிமிசம்தான் ஆச்சு. தூளிக்கு அம்மா சேலையை எடுத்து வெச்சிருக்காளாம். எனக்கு என்ன திங்கணும்போல இருக்குன்னு கேட்டிருக்கா. அவ வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாக்கா. நீ ஒரு தடவைகூடக் கூப்பிடலியே."

தங்கை சொன்னது நிஜம். வரலட்சுமி கூப்பிடவில்லைதான். மாமாவுக்குப் பயந்துதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை வந்து நின்றால் தன்னைப் பெண் பார்க்க வருகிற நாலு பேரும் வரமாட்டார்கள் என்ற பயமும் கூட இருந்தது. அதை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. தங்கை எதற்கு ஏங்குகிறாள் என்று கொல்ல நினைத்தவனுக்குத் தெரிந்திருந்தது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது.

"வழியைச் சொல்லு கண்ணு" என்றாள். "நானும் அத்தையும் வாரோம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா காந்திபுரத்தில் நின்றிருப்பார். அப்போது வரலட்சுமி பெங்களூரில் தங்கையின் ஒற்றை அறையில் உட்கார்ந்து அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் பத்மஜாவின் ஆபீசுக்குப் போய், அவளுடைய பெட்டியை அழித்துவிடலாம் என்று திறந்தார்கள். புதிதாக ஒரு கடிதம் வந்திருந்தது.

'ஏன் வரலை கண்ணு... மத்தியானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே நின்னேன்... ஒவ்வொரு பஸ்ஸா பார்த்தேன்... கால் வலிக்குது. அக்கா.'

தோளில் கை வைத்து வரலட்சுமி பக்கத்திலேயே நின்றிருந்தாள். பத்மஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே திரையைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அந்த அக்காவுக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள்.