வேண்டாத சொற்களில் என் பெயர்

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வாடகைக்கு எடுத்த சமையற்கூடத்தின் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டே வாரம். அதற்குள் நாலு வாடிக்கையாவது பிடிக்காவிட்டால் மறுபடியும் டேகேர் வேலைக்கே போய்விடுவதாக என் வீட்டுக்காரர் சேனாபதியிடம் சொல்லியிருந்தேன். சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தேன். தினமும் காலை பத்து மணிக்குள் அன்றைய பட்ஜெட் காலியாகி, விளம்பரம் நின்றுவிடும். ஆர்டர் மட்டும் வராது. ஃபோன் வந்தாலும், "பூண்டு லேகியம் ரெசிபி சொல்லுங்க" என்பார்கள். நானும் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த தெரு வான்மதி ஹூஸ்டனில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கோயிலில் பார்த்தபோது அவளிடம் புலம்பித் தீர்த்தேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, யார் என்ன டைப் பண்ணி உங்க விளம்பரத்த கிளிக் பண்றாங்கன்னு இங்க தெரியும். ரெசிபி, ஃப்ரீ, குக் ஜாப்... இதெல்லாம் நெகடிவ் கீவேர்ட்ல, அதாவது வேண்டாத சொற்கள்ல, போட்டுடலாம். அப்புறம் அதைத் தேடுறவங்களுக்கு உங்க ஆட் காட்டாது."

"போடும்மா, முதல்ல அதைப் போடு" என்றேன்.

"ஆனா பாதிக்கு மேல 'வசந்தாமணி கிச்சன்'னு டைப் பண்ணி வந்திருக்கு. தினமும். ஒருத்தர்கூட ஆர்டர் பண்ணல. யாரு ஆன்ட்டி இவங்கல்லாம்?"

எனக்குச் சுருக்கென்றது. கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் எழுதியிருந்தேன்: தினமும் என் பெயரைத் தேடி, விளம்பரத்தை ஒரு தட்டு தட்டுங்கள், அப்போதுதான் மேலே வரும். யூடியூபில் லைக் போடுவதுபோல என்று நினைத்திருந்தேன். அபயாம்பாள் மாமி காலையில் காப்பி குடிக்கும் முன்பே தட்டிவிட்டு, கும்பிடும் கை ஒன்றையும் அனுப்புவார்.

"ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்க காசு போகுது ஆன்ட்டி. உங்க பேரையும் நெகடிவ்ல போட்டுடலாமா?"

எனக்கு வந்ததே கோபம். "ஏன்டி, என் பேரே எனக்கு வேண்டாததா? எங்கப்பா ஆசையா வெச்ச பேரு!"

வான்மதி சிரிக்கவில்லை. "பேர் தெரிஞ்சவங்க தேடினா விளம்பரத்துக்குக் கீழ உங்க வெப்சைட் காசில்லாமலே வரும். உங்கள யாருன்னே தெரியாம தேடுறவங்களுக்கு அந்த விளம்பரத்த விட்டு வைங்க ஆன்ட்டி."

முகத்தைத் தூக்கிக்கொண்டேதான் சம்மதித்தேன்.

நாலு நாள் ஒன்றுமில்லை. அவளை மனதுக்குள் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபோன்.

"ஷ்ரேயஸ் பேசறேங்க, ஹாஸ்பிடல்லேர்ந்து. நேத்து பாப்பா பொறந்தா. மாமியாருக்கு விசா கெடைக்கல. இங்க குடுக்குற சாண்ட்விச்ச வைஃப் தொடவே மாட்டேங்கறா. பத்தியச் சாப்பாடு கெடைக்குமான்னு தேடினேன், உங்க ஆட் வந்துது."

கடிகாரத்தைப் பார்த்தேன். போன வாரமாக இருந்தால், இந்நேரம் எல்லோரும் அன்பாகத் தட்டித் தட்டியே என் விளம்பரத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். இந்தப் பிள்ளை தேடியிருப்பான். நான் கண்ணில் பட்டிருக்க மாட்டேன்.

அந்த இரண்டு வாரக் கெடுவுக்குள் ஐந்து வீடுகள் சேர்ந்தன. ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டேன். வான்மதிக்கு நான் என்ன செய்தாலும் தகும். மாமிக்கும் நன்றி சொன்னேன். காப்பிக்கு முன்னால் என் பெயரை நினைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் அந்த முதல் நாள்தான் மனதிலேயே நிற்கிறது. பூண்டு ரசமும் குழைந்த சாதமும் நானே எடுத்துக்கொண்டு போனேன். ஷ்ரேயஸின் மனைவி அதிதி டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, "நாப்பது நாளும் நீங்களே கொண்டு வருவீங்களா? உங்க பேர் என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"வசந்தாமணி" என்றேன். "எங்கப்பா ஆசையா வெச்ச பேரு" என்றும் சொன்னேன்.